அந்தப் படம் யாருடையது?



இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை. மூன்று நாள் உட்கார்ந்து, இறகு இறகாக வண்ணம் தீட்டி, அழகான பஞ்சவர்ணக்கிளி ஒன்றை வரைகிறீர்கள். ஓரத்தில் உங்கள் பெயரையும் எழுதுகிறீர்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. செல்போனில் படம் பிடித்துச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறார். சித்தப்பா அலுவலக நண்பருக்கு அனுப்புகிறார். அவர் இன்னொருவருக்கு, இன்னொருவர் மற்றொருவருக்கு...

சில மாதங்கள் கழித்து நோட்டு வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். நோட்டின் அட்டையில் உங்கள் கிளி! அதே சிவப்பு மூக்கு, அதே பச்சை இறகு. ஓரத்தில் இருந்த உங்கள் பெயரை மட்டும் காணோம். யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். கேட்டால், “இது நெட்டில் கிடந்த படம்தானே?” என்கிறார்கள்.

உங்களுக்கு எப்படி இருக்கும்? அழுகை வருமா, கோபம் வருமா? இரண்டும் வரும் அல்லவா?

“நெட்டில் கிடந்தது” என்ற இந்தச் சொல்லைத்தான் இன்று நாம் கொஞ்சம் ஆராயப் போகிறோம். இணையத்தில் எதுவும் தானாக முளைத்துக் கிடப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் ஒரு குரல் இருக்கிறது. அந்தக் கைக்கும் குரலுக்கும் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்புதான் பதிப்புரிமை. ஆங்கிலத்தில் ‘காப்பிரைட்’ என்பார்கள். புத்தகங்களின் முதல் பக்கங்களில், சின்ன வட்டத்துக்குள் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்திருப்பீர்களே, அது இதன் அடையாளம்தான்.

நகல் எடுத்தால் என்ன நஷ்டம்?

உங்களில் கெட்டிக்காரர் யாராவது இப்படிக் கேட்கலாம்: “ஐயா, என் சைக்கிளை ஒருவர் எடுத்துப் போனால் என்னிடம் சைக்கிள் இருக்காது. என் படத்தை நகல் எடுத்தால் என் படம் என்னிடமே இருக்கிறதே! அப்புறம் எப்படி அது தப்பாகும்?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிய நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் நம் நூல்கள் எல்லாம் பனை ஓலையில் இருந்தன. ஒரு நூலுக்கு இன்னொரு படி வேண்டும் என்றால், எழுத்தாணி பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். ஓலை சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துப் போகும். அதற்குள் யாராவது படி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். அப்போது நகல் எடுத்தவர்கள் புண்ணியவான்கள்! அவர்களால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன.

அச்சு இயந்திரம் வந்தது. எழுதியவர் ஒருவர், உழைத்தவர் ஒருவர். ஆனால் ஆயிரம் பிரதி அடித்துப் பணம் பார்ப்பவர் வேறொருவர் என்ற நிலை உண்டானது. எழுதியவருக்கு அடுத்த நூல் எழுதச் சோறு வேண்டாமா? அதனால் 1710-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. புதிய நூலை அச்சிடும் உரிமை, முதல் 14 ஆண்டுகள் எழுதியவருக்கோ அவரிடம் உரிமை வாங்கியவருக்கோ மட்டும் என்றது அது. உலகத்தின் முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போதோ செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், லட்சம் நகல் பறந்துவிடும். ஆகவே நகல் எடுப்பதால் உங்கள் படம் தொலைவதில்லை. உங்கள் உழைப்புக்கு வரவேண்டிய கூலியும், உங்களுக்கு வரவேண்டிய பெயரும்தான் தொலைகின்றன.

நீங்களும் உரிமையாளர்தான்!

நம் நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கதை, கவிதை, நாடகம், ஓவியம், புகைப்படம், இசை, திரைப்படம், ஒலிப்பதிவு எல்லாம் இதில் அடங்கும். கம்ப்யூட்டர் புரோகிராமும் உண்டு. நம்புவீர்களா? சட்டத்தின் கணக்கில் அதுவும் ஓர் ‘இலக்கியம்’தான்!

இதில் ஒரு மகிழ்ச்சியான செய்தி இருக்கிறது. இந்த உரிமையைப் பெற எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. பணம் கட்ட வேண்டியதில்லை. வயதும் தடையில்லை. விரும்பினால் பதிவு செய்துகொள்ளலாம்; கட்டாயம் இல்லை. நீங்கள் சொந்தமாக ஒரு கவிதையைத் தாளில் எழுதி முடித்த அந்த நிமிடமே அதன் உரிமையாளர் நீங்கள்தான். வட்டத்துக்குள் ‘சி’ போட மறந்துவிட்டாலும் உரிமை போய்விடாது.

ஆகவே அந்தக் கிளிப்படம் உங்களுடையது. அதை நோட்டு அட்டையில் அச்சிட நினைப்பவர் முதலில் உங்களையும் உங்கள் பெற்றோரையும்தான் கேட்க வேண்டும்.

எண்ணம் எல்லோருக்கும், எழுத்து அவரவருக்கு

“அப்படியானால் நான் கிளி வரைந்துவிட்டேன், இனி யாரும் கிளி வரையக்கூடாதா?” என்று கேட்காதீர்கள். தாராளமாக வரையலாம். கிளி என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் வரைந்த அந்தக் குறிப்பிட்ட கிளிதான் உங்களுடையது.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 1953-ல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. இரண்டும் அடுத்தடுத்த வீடு. மொழி வேறு, மாநிலம் வேறு என்பதால் பெரியவர்களுக்குள் மனத்தாங்கல். 1956-ல் ‘நியூ டெல்லி’ என்ற இந்தித் திரைப்படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், மாநில வேற்றுமை! “என் நாடகத்தை எடுத்துவிட்டார்கள்” என்று வழக்குப் போட்டார் ஆனந்த்.

1978-ல் தீர்ப்பு வந்தது. எண்ணம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கதையை நடத்திச் சென்ற விதமும் காட்சிகளும் வேறு வேறு. ஆகவே இது நகல் இல்லை என்றார்கள் நீதிபதிகள். எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்பதற்கு இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

கணக்குப் போடலாம், வாருங்கள்!

இந்த உரிமை எத்தனை காலம் இருக்கும்? எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர் ஆகியோருக்கு அவர்கள் வாழ்நாள் முழுவதும் உண்டு. மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. அந்த 60 ஆண்டுகளை, அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் அது வெளிவந்த ஆண்டை வைத்து இதே போல் 60 ஆண்டுகள். அதற்குப் பிறகு அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம், நடிக்கலாம்.

காந்தியடிகள் மறைந்தது 1948-ல். 1949 முதல் 60 ஆண்டுகள் என்றால் 2008 டிசம்பரோடு முடிகிறது. அதுவரை அவர் நூல்களின் உரிமை நவஜீவன் அறக்கட்டளையிடம் இருந்தது. 2009 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது.

முன்பு இந்தக் கணக்கு 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. மகாகவி தாகூர் மறைந்தது 1941-ல். அவருடைய நூல்களின் உரிமை 1991 டிசம்பரோடு முடிய வேண்டும். உரிமையை வைத்திருந்த விசுவபாரதி பல்கலைக்கழகத்துக்காகப் பேச்சு எழுந்தது. அரசு யோசித்து, எல்லோருக்குமே 10 ஆண்டுகளைக் கூட்டிச் சட்டத்தை மாற்றியது. தாகூரால் நாட்டின் கணக்கே மாறியது பாருங்கள்!

இப்போது நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். நேரு மாமா மறைந்தது 1964-ல். அவர் எழுதிய நூல்கள் எந்த ஆண்டு முதல் பொதுச்சொத்து? (விடை கட்டுரையின் கடைசியில்.)

திருக்குறள் போன்ற பழைய நூல்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் இன்று ஒருவர் குறளுக்குப் புதிதாக உரை எழுதினால், குறள் நம் எல்லோருடையது. அந்த உரை அவருடையது.

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்?

நம் தமிழ்நாட்டுக்கே பெருமை தரும் ஒரு கதையைச் சொல்கிறேன்.

மகாகவி பாரதியார் தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசை நிறைவேறும் முன்னரே 1921-ல் மறைந்துவிட்டார். நூல்களின் உரிமை குடும்பத்தாரிடம் இருந்தது. பாட்டுகளை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை விலைக்குப் போய், கடைசியில் படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றது. “உரிமை என்னிடம் இருக்கிறதே!” என்றார் மெய்யப்பச் செட்டியார். சட்டப்படி பார்த்தால் அவர் காசு கொடுத்து வாங்கிய உரிமைதான். ஆனால், “விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா? பாரதி மக்கள் எல்லோருக்கும் பொது!” என்று எழுத்தாளர்களும் தலைவர்களும் குரல் எழுப்பினார்கள். கூட்டங்கள் நடந்தன. பத்திரிகைகள் எழுதின.

அப்போது சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். பாரதி பாட்டுகளின் உரிமையை அரசே பெற்றுக்கொள்வது என்று 1949-ல் முடிவானது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையை ஒரு காசும் வாங்காமல் கொடுத்துவிட்டார். பாரதியாரின் மனைவி செல்லம்மாள், இரண்டு மகள்கள், தம்பி விசுவநாதன் ஆகியோருக்கு அரசு பணம் கொடுத்து நூல்களின் உரிமையைப் பெற்றது. பிறகு 1950-களில் எல்லாவற்றையும் மக்களுக்கே பொதுவாக்கியது. இதைத்தான் ‘நாட்டுடைமை’ என்கிறோம்.

இதில் என்ன விசேஷம் தெரியுமா? மக்கள் கேட்டது கிடைத்தது. அதே நேரம் கவிஞரின் குடும்பத்தையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு, குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை! பாரதியின் சொற்கள் நம் எல்லோருக்கும் பொது. அந்தப் பாட்டுக்கு இப்போது ஒருவர் புது மெட்டுப் போட்டால், மெட்டு அவருடையது. அதைப் பாடிப் பதிவு செய்து ஒரு கம்பெனி வெளியிட்டால், அந்த ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்கு. பாட்டு ஒன்று, உரிமை மூன்று! அதனால்தான் சினிமாவில் வந்த பாரதி பாட்டின் ஒலிப்பதிவை நம் வீடியோவில் அப்படியே சேர்க்க முடிவதில்லை. நீங்களே ஒரு மெட்டுக் கட்டி, நீங்களே பாடினால்? அதை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. முயற்சி செய்து பாருங்களேன்!

சட்டம் திறந்து வைத்த கதவு

“எல்லாவற்றுக்கும் அனுமதி, அனுமதி என்றால் நாங்கள் எப்படிப் படிப்பது?” என்று பயப்பட வேண்டாம். சட்டம் செய்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்களே! படிப்புக்கென்று ஒரு கதவை அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் அந்தக் கதவு. அனுமதி கேட்காமலேயே என்னென்ன செய்யலாம் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: சொந்தப் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் ஒரு நூலின் பகுதியை நியாயமான அளவில் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு: ஒரு நூலைப் பற்றியோ படத்தைப் பற்றியோ விமர்சனம் எழுதும்போது அதிலிருந்து சில வரிகளை எடுத்துக் காட்டலாம்.

மூன்று: ஆசிரியரும் மாணவரும் பாடம் நடக்கும்போது, பாடத்துக்காக நகல் எடுக்கலாம். கேள்வித்தாளில் கவிதையை அச்சிடலாம். விடைத்தாளில் நீங்கள் அதை எழுதலாம். மனப்பாடப் பகுதி எழுதுவதற்கு எந்தக் கவிஞரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது!

நான்கு: பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு நாடகத்தை நடிக்கலாம், பாட்டைப் பாடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

ஐந்து: பார்வையற்றவர் போன்ற மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை பிரெய்லிலோ ஒலி வடிவிலோ, லாபநோக்கு இல்லாமல், மாற்றிக் கொடுக்கலாம்.

இந்தக் கதவுக்காக டெல்லியில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பாடத்துக்குத் தேவையான பக்கங்களைப் பல நூல்களிலிருந்து நகல் எடுத்து, ஒரே கட்டாகக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நூல்கள் எல்லாம் விலை அதிகம். 2012-ல் உலகப் புகழ்பெற்ற மூன்று பதிப்பகங்கள் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் கடையின் பக்கம் நின்றார்கள். பாடம் நடத்துவதற்குத் தேவையான பகுதிகளை நகல் எடுப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போட்டு விற்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கதவு திறந்திருப்பது படிப்பதற்காக, வியாபாரத்துக்காக அல்ல.

‘நன்றி: கூகுள்’

இப்போது இணையத்துக்கு வருவோம். புராஜெக்ட் நோட்டில் படங்களை ஒட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுகிறீர்களே, அது சரியா?

கூகுள் படம் வரைவதும் இல்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவதும் இல்லை. படம் எங்கே இருக்கிறது என்று வழி காட்டுகிறது, அவ்வளவுதான். வழி சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு, விருந்து வைத்தவரை மறந்துவிடலாமா? படத்தின் மேல் தட்டினால் அது இருக்கும் இணையதளம் திறக்கும். அங்கே படம் எடுத்தவரின் பெயரைத் தேடுங்கள். ‘புகைப்படம்: இன்னார், இணையதளம்: இன்னது’ என்று எழுதுங்கள். அதுதான் சரியான நன்றி.

இன்னொன்று. பெயர் போட்டுவிட்டாலே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. பெயர் போடுவது மரியாதை. அனுமதி கேட்பது வேறு. உங்கள் வகுப்பு நோட்டில் ஒட்டுவதற்கு மரியாதை போதும். அதே படத்தைப் பள்ளி மலரில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

“சினிமா பாட்டில் 30 விநாடி வரை போட்டுக்கொள்ளலாம்” என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் இல்லவே இல்லை. யூடியூப்பில் ஏற்றப்படும் வீடியோக்களை, உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் பாட்டுகளோடும் படங்களோடும் கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்த்துவிடும். ஒத்துப்போனால் வீடியோ முடக்கப்படலாம். அல்லது அதில் வரும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகலாம்.

‘அப்படியானால் தாராளமாக எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா?’ நிறைய இருக்கிறது! ‘எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போடுங்கள்’ என்று தாமாகவே அனுமதி கொடுத்துவிடும் நல்ல மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2002-ல் வந்த ஏற்பாடுதான் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம். விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இந்த உரிமத்தில்தான் உள்ளன. நம் தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. கூகுளில் படம் தேடும்போது ‘டூல்ஸ்’ என்ற இடத்தில் ‘யூசேஜ் ரைட்ஸ்’ என்பதைத் தட்டினால், இந்த உரிமம் உள்ள படங்களை மட்டும் பிரித்துக் காட்டும்.

நூல்கள் வேண்டுமா? 1998-ல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ இருக்கிறது. தொண்டர்கள் தாமாக முன்வந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் படிக்கலாம். அன்று ஓலையில் படி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

பெயரின் மதிப்பு

அமர்நாத் சேகல் என்ற சிற்பி, டெல்லியில் உள்ள விஞ்ஞான் பவன் கட்டடத்துக்காக வெண்கலத்தில் ஒரு மாபெரும் சுவர்ச்சிற்பம் செய்தார். அரசு பணம் கொடுத்துச் செய்வித்த சிற்பம் அது. 1979-ல் கட்டடத்தைச் சீர்செய்தபோது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். துண்டுகள் கிடங்குக்குப் போயின. ‘எங்கள் பொருள்தானே’ என்பது அரசின் எண்ணம்.

சேகல் நீதிமன்றம் போனார். 2005-ல் தீர்ப்பு வந்தது. படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையும், ‘இதைச் செய்தவன் நான்’ என்று சொல்லும் உரிமையும் விலைக்கு விற்ற பிறகும் கலைஞருக்கு உண்டு என்றது நீதிமன்றம். மிச்சமிருந்த துண்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவருக்கே இப்படி என்றால், பணமும் கொடுக்காமல் பெயரையும் வெட்டி எடுப்பவருக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரு மாணவன் அழகான விடுகதைப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அடுத்த பெஞ்சுச் சிறுமி மெதுவாக எழுந்து, “அது என் ரஃப் நோட்டில் இருந்தது, சார்” என்றாள். அவன் முகம் வாடிவிட்டது. உண்மையில் அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிள்ளைகளே கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘எழுதியவர்’, ‘படம் வரைந்தவர்’, ‘கையெழுத்து’ என்று மூன்று பெயர்கள் வந்தன. அவரவர் உழைப்புக்கு அவரவர் பெயர். பிறகு யாருக்கும் அடுத்தவர் பெயரை எடுக்கத் தோன்றவில்லை.

தெரியுமா உங்களுக்கு?

2011-ல் இந்தோனேசியக் காட்டில், டேவிட் ஸ்லேட்டர் என்ற புகைப்படக்காரரின் கேமராவில் ஒரு குரங்கு தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. “படத்தின் உரிமை குரங்குக்கே!” என்று விலங்கு ஆர்வலர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பதிப்புரிமைக்காக விலங்குகள் வழக்குப் போட முடியாது என்று 2018-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாவம் குரங்கார்!

நீங்களே நீதிபதி!

இதுவரை படித்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

1. யானையைப் பற்றிய வகுப்புப் புராஜெக்டில், இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டி, படம் எடுத்தவரின் பெயரை எழுதுகிறாள் ஒரு மாணவி. சரியா?

2. பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னிலையில் ஒரு பிரபல நாடகத்தை நடிக்கிறீர்கள். பிறகு அந்த வீடியோவை யூடியூப்பில் ஏற்றுகிறீர்கள். சரியா?

3. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையை நீங்களே படம் வரைந்து படக்கதையாக்க விரும்புகிறீர்கள். செய்யலாமா?

4. நேற்று வெளியான சினிமாவை நண்பன் பென் டிரைவில் தருகிறான். வாங்கலாமா?

5. ‘பேசும் பென்சில்’ என்று தோழி ஒரு கதை எழுதியிருக்கிறாள். நீங்களும் பேசும் பென்சிலை வைத்து வேறு கதை எழுதலாமா?

விடைகள்: 1. சரி. படிப்புக்காகத்தான்; பெயரும் போட்டாயிற்று. 2. நடித்தது சரி. வீடியோவை ஊருக்கெல்லாம் காட்டும் முன் நாடக ஆசிரியரிடம் அனுமதி வேண்டும். 3. தாராளமாக! நாட்டுடைமையான நூல். ஆனால் பத்திரிகையில் வந்த ஓவியங்களைப் பார்த்து அப்படியே வரையக்கூடாது, அவை ஓவியர்களுடையவை. கல்கியின் பெயரையும் மறக்கக்கூடாது. 4. கூடாது. திருட்டுப் படத்தை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 5. எழுதலாம். எண்ணம் பொது, கதை மட்டும் முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். தோழிக்கு ஒரு நன்றி சொன்னால் இன்னும் அழகு.

கணக்கின் விடை: 2025 ஜனவரி 1 முதல்.

அனுமதி கேட்பது எப்படி?

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இப்படி நாலு வரி போதும்:

‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம். நாங்கள் இந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்கள். தாங்கள் எடுத்த மரங்கொத்திப் படம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் பள்ளி மலரில் தங்கள் பெயருடன் அதை வெளியிட அனுமதி தருவீர்களா?’

இதை உங்கள் ஆசிரியரோ பெற்றோரோ அனுப்பட்டும். உங்கள் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் முன்பின் தெரியாதவர்களுக்கு நீங்களாகத் தரக்கூடாது. குழந்தைகள் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். பதிலே வரவில்லையா? அதை ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வேறு படம் தேடுங்கள். அல்லது நீங்களே வரையுங்கள்.

சிறுவர் பகுதிக்குக் கதையும் கவிதையும் அனுப்பும்போது ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று உறுதி கேட்கிறார்களே, அதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். வேறு எங்கோ படித்த கவிதையின் அடியில் உங்கள் பெயரை அச்சில் பார்த்தால் ஒரு நாள் மகிழ்ச்சியாக இருக்கலாம். அதை உண்மையில் எழுதிய குழந்தையும் அதே ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தைத் திறந்து பார்க்கும் அல்லவா? அந்தப் பிஞ்சு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரி சின்னதாக இருக்கலாம், படத்தில் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கலாம். அதனால் என்ன? அது உங்களுடையது. இந்த வாரமே ஒரு படம் வரையுங்கள். ஓரத்தில் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், செல்லங்களே!